மாமா என்று கூப்பிடாத பிள்ளை

அபிசன் பொய் சொல்கிறான் என்பதை ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பல்கலைக்கழக நூலகத்தில், வாங்கி வைத்த கோப்பி ஆறுவதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆறு நேர்காணல்கள். ஆறுக்கும் ஒரே திகதி. மார்ச் பதினான்கு, சனிக்கிழமை.

சொல்லுங்கள் பார்ப்போம், ஒரு மனிதனால் ஒரே நாளில் திராமனில் இரண்டு பேரையும் லோறென்ஸ்கூக்கில் மூன்று பேரையும் ஒஸ்லோவில் ஒருவரையும் தேடிப் பிடித்து, ஆளுக்கு முக்கால் மணித்தியாலம் கதைக்க முடியுமா? அதுவும் அபிசனால்? எட்டே காலுக்கு வகுப்பென்றால் எட்டே முக்காலுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவன் அவன்.

நாங்கள் இருவரும் கணக்கியல் முதுமாணிப் படிப்பின் கடைசி அரையாண்டில் இருந்தோம். ஆய்வேட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதலாம். சோடி சேர்ந்த நாளில் மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட, வகுப்பில் இருந்த இரண்டே இரண்டு தமிழரும் மிஞ்சி நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் கூட்டு அப்படித்தான் தொடங்கியது. நோர்வேயில் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்காய்வாளர் கட்டாயமில்லை. வேண்டாம் என்று சொல்கிற முதலாளிகள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. நான் ஆறு நோர்வேஜியரைக் கேட்பது, அவன் ஆறு தமிழரைக் கேட்பது என்று பேச்சு. ஜூன் முதலாம் திகதி ஒப்படைக்க வேண்டும். ஓகஸ்ட்டில் அவனுக்கு ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை காத்திருந்தது, பட்டம் கையில் இருந்தால் மட்டும். அந்தச் செய்தியை அவனுடைய அம்மா இந்திரா அன்ரி சொல்லாத தமிழ் வீடு லோறென்ஸ்கூக்கில் இல்லை.

திகதி மட்டுமென்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். பதில்களைப் பார்த்தேன். 'உங்கள் கணக்கை வெளியாள் ஒருவர் பார்த்தால் நல்லது என்று எப்போதாவது தோன்றியதா?' என்ற கேள்விக்கு, அவனுடைய நோர்வேஜிய மொழிபெயர்ப்பில், ஆறு பேரும் ஒரே மாதிரித் தொடங்கியிருந்தார்கள்: 'ஆம், ஆம், ஒரு பிரச்சினையும் இல்லை.' ஆறு தொழில், ஆறு ஆள், ஒரே வாய்! என்னுடைய நோர்வேஜியர்களில் ஒருவர் அரசாங்கத்தைத் திட்டினார், ஒருவர் விவாகரத்துக் கதை சொல்லி அழுதார். மனிதர் என்றால் அப்படித்தானே இருப்பார்கள்.

ஒலிப்பதிவு? அழித்துவிட்டான். எழுத்தாக்கி முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது விதி, நானும்தான் அழித்தேன். கையெழுத்து வைத்த சம்மதக் கடிதம்? அதுவும் இல்லை. எங்கடை ஆக்கள் கடதாசியில் கையெழுத்து வைக்கப் பயப்படுவார்கள், சம்மதத்தை ஒலிப்பதிவிலேயே கேட்டு வாங்குகிறேன் என்று ஜனவரியிலேயே அனுமதி எடுத்து வைத்திருந்தான். எவ்வளவு வசதி பார்த்தீர்களா?

அவனிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்களுக்குப் படிப்பித்தது அதற்கு நேர் எதிர். எங்கள் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியான இங்குன்தான் கணக்காய்வு வகுப்பையும் எடுத்தவர். கணக்கு எழுதியவனிடம் சரியா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வான், வெளியே போய் மூன்றாம் ஆளிடம் கேளுங்கள் என்பார். இரண்டு வருடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புத்தியே அப்படியாகிவிட்டது. அம்மா மீன் புதுசு என்றால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அதோடு ஆய்வேட்டின் முகப்பில் என் பெயரும் இருக்கிறது. பொய்த் தரவென்று பிடிபட்டால் இரண்டு பேருக்கும் பட்டம் இல்லை. 

'நேர்காணல் நான்கு: ரயர் மாற்றும் தொழில், லோறென்ஸ்கூக்' என்று எழுதியிருந்தான். அங்கே ரயர் மாற்றுகிற தமிழர் ஒருவர்தான், குகநேசன் என்று பெயர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு போனேன். காரில் இன்னும் குளிர்கால ஆணி ரயர்தான் கிடந்தது, ஆகவே அங்கே போவதற்குச் சாட்டும் தயார். கிழமையில் இரண்டு நாள் நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்தக் கறுப்புக் கோட்டோடும், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடும், கையில் கோப்போடும் போய் இறங்கினேன்.

அவருக்கு அப்பாவின் வயது இருக்கும். எங்கள் வழக்கப்படி மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வேண்டுமென்றே கூப்பிடவில்லை. சாட்சியிடம் உறவு கொண்டாடக்கூடாது.

"நீங்கள்தானோ குகநேசன்?"

குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஓம். ரயரோ?"

"ரயரும்தான். மார்ச் மாசம் ஒரு பெடியன் உங்கடை கொம்பனிக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டவனோ? அபிசன் எண்டு?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? அப்பிடி ஒரு பெடியனை எனக்குத் தெரியாது. கணக்குக் கிணக்கு நான் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. ஓம் ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்தக் கடைசி வசனத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் மூன்று கார் நிற்க, அவர் என்னுடையதை முதலில் எடுத்து, இருபது நிமிடத்தில் நாலு ரயரையும் மாற்றி, முன்கண்ணாடியையும் துடைத்துத் தந்தார். இந்த ராச மரியாதை எனக்கு ஏன் என்றும் நான் யோசிக்கவில்லை.

காரில் இருந்தபடியே இங்குனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நேர்காணல் நான்குக்கு உரியவரை நேரில் சந்தித்தேன், தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்கிறார், மற்ற ஐந்தும் இதே திகதிதான் என்று நாலு வரி. அனுப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், படித்த படிப்பு வீண்போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

மறுநாள் அபிசன் நாலாம் அத்தியாயத்தின் அட்டவணையை அனுப்பி, பார்த்துச் சொல்லு என்றான். நல்லாயிருக்கு என்று பதில் போட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இங்குன் எங்களை அழைத்திருந்தார். விசயம் என்னவென்று முதல் நாளே அவனுக்கும் எழுதியிருந்தார். நான் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் அபிசன் வந்தான். அவனுக்குப் பின்னால், வேலை உடுப்போடு, குகநேசன்.

அபிசன் என்னைப் பார்க்கவில்லை. இங்குனிடம்தான் சொன்னான். மார்ச் பதினான்கு அவனுடைய மச்சாளின் சாமத்திய வீடு, அவள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற விழா. லோறென்ஸ்கூக்கில் பெரிய மண்டபம், நானூறு பேர், காலையிலிருந்து இரவு வரை. தமிழ் முதலாளிகள் அத்தனை பேரும் அங்கே. பரிசுப் பெட்டி அடுக்கிய அறையில் கதிரையைப் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்திக் கேட்டிருக்கிறான். "ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போயிருந்தால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்," என்றான்.

 அந்தச் சாமத்திய வீட்டுக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. ஆய்வேடு கிடக்கிறது என்று நான்தான் போகவில்லை.

குகநேசன் அப்போதுதான் என்னை அடையாளம் கண்டார். "ஐயோ பிள்ளை! நீங்களோ அண்டைக்கு வந்தது? நான் வரி அறவிடுற கந்தோர் ஆள் எண்டெல்லோ நினைச்சனான்! கறுப்புக் கோட்டு, கழுத்திலை அட்டை, கையிலை பைல். எங்கடை பிள்ளை எண்டால் வாயைத் திறந்தவுடனை மாமா எண்டெல்லே கூப்பிடும். நீங்கள் பொலிஸ் மாதிரிப் பேரைச் சொல்லிக் கேக்கிறியள். ஆர் என்ன சொன்னதெண்டு வெளியிலை தெரியவராது எண்டு தம்பி எனக்கு வாக்குத் தந்தவன். அப்ப நான் மட்டும் அவனைக் காட்டிக்குடுக்கலாமோ? வாயே திறக்கேல்லை!" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

அதை நான்தான் இங்குனுக்கு மொழிபெயர்த்தேன். 

இங்குன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அபிசனை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவரிடமே கேட்டார். அவர் தன் நோர்வேஜியத்தில் தானே பதில் சொன்னார்.

"நான் இவனுக்கு மாமா. இவன் எனக்கு மகன் மாதிரி." பிறகு என் பக்கம் பெரிய மனதோடு கையை நீட்டினார். "இவளுக்கும் இனிமேல் மாமாதான்."

இங்குனின் பேனா அசைந்தது. மாமா என்று எழுதுகிறார் என்பது எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது.

"இல்லை, இல்லை," என்றேன். "சொந்த மாமா இல்லை. சும்மா கூப்பிடுவது. அப்பா வயதில் இருக்கிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"எல்லோரையும் கூப்பிட்டால், உறவுக்காரர் யார், வெளியாள் யார் என்று எப்படித் தெரியும்?"

எங்களுக்குத் தெரியும். அதை நோர்வேஜியத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை இல்லை என்றார், இன்றைக்கு ஆம் என்கிறார்," என்றார் இங்குன். "நடுவில் யாராவது இவரோடு பேசினீர்களா?"

"நேற்று நான் பேசினேன்," என்றான் அபிசன். "மற்ற ஐந்து பேரையும் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்."

"அவர்களும் மாமாக்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அபிசன் கீழே பார்த்தபடி, "ஆம்," என்றான்.

இங்குன் பேனாவை வைத்துவிட்டார். கெட்ட மனுசி இல்லை. அவருக்கும் முகம் கறுத்திருந்தது. நடந்தது அபிசன் சொல்வதுபோலவே இருக்கலாம், ஆனால் எழுத்தில் வந்த புகார், ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும், முடிவு இலையுதிர்காலத்தில்தான் வரும் என்றார்.

"நான் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்," என்றேன்.

"பெறலாம். ஏன் பெற்றாய் என்று குழு முதலில் உன்னைத்தான் கேட்கும்."

அவர்கள் இருவரும் வெளியே போனதும் என்னை மட்டும் நிறுத்தி, "உன்னுடைய ஆறிலும் சந்தேகமில்லை. ஆய்வைச் சுருக்கி ஜூனில் நீ தனியாக ஒப்படைக்கலாம்," என்றார். நான் நன்றி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னில் எனக்குக் கோபம்.

வாசலில் குகநேசன் நின்றார். "ஏன் பிள்ளை முகம் வாடிக்கிடக்கு? அதுதான் நான் வந்து சொல்லிட்டன்தானே. இனி ஒரு பிரச்சினையும் இல்லை." கடையில் கார்கள் காத்திருக்கும் என்று அவசரமாகப் போனார். 

அபிசன் ட்ராம் தரிப்பிடத்தில் இருந்தான். கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான்.

"நான் தனியாக் குடுக்கமாட்டன்," என்றேன். "ஆறு பேரையும் திரும்பக் கேப்பம். நானும் வாறன். எல்லாரும் கையெழுத்து வைக்கட்டும்."

"வேலை தாறதெண்டு சொன்ன ஆக்களுக்கு இப்ப போன் எடுத்துச் சொல்லிட்டன். மறைச்சு என்ன பிரயோசனம்?"

"என்ன சொன்னவை?"

"விசாரணையிலை இருக்கிற ஆளைக் கணக்காய்வுக்கு எடுக்கேலாதாம். நல்ல மாதிரித்தான் சொன்னவை." கைத்தொலைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்தான். "அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

எனக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுக்கொள்ளடா," என்றேன்.

"என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே, சாருகா?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நம்பியிருப்பியோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாமத்திய வீட்டில், பரிசுப் பெட்டிகளுக்கு நடுவில், ஆறு பேரும் ஒரே பதில் என்று அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். சரியென்று சிரித்திருப்பேன். அவன் அந்தப் பக்கம் போனதும் மண்டபக்காரருக்குத் தொலைபேசி எடுத்திருப்பேன்.

"இல்லை," என்றேன்.

அபிசன் தலையை ஆட்டினான். ட்ராம் வந்தது, முன்கதவால் ஏறினான். நானும் அதில்தான் போகவேண்டும். பின்கதவால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்திய நிலையம் வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.