நூறிலேயே நிற்கும் பாட்டரி

நல்ல செய்தி என்றால் முதலாளி துவான் மைக்கைப் பிடித்துக் கம்பெனி முழுக்கக் கேட்கச் சொல்வார். கெட்ட செய்தி என்றால் கையோடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், வெளிநாட்டு விற்பனையைப் பார்க்கும் தாவ் லியென் தன் வாத்துக்கறித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"ஜெர்மனியிலேர்ந்து கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கும்மா. உன் பேருக்கு."

"என் பேருக்கா? நான் அவங்களை என்ன பண்ணேன் முதலாளி?"

"நீ ஒண்ணும் பண்ணல. வெப்சைட்டுல பொறுப்பாளர்னு யார் பேரையாவது போடணும்னாங்க. உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும்."

"உங்களுக்கும்தான் வரும். ஓட்டல்ல பீர் கேக்கறப்போ நல்லாவே வருது."

துவான் சிரிக்கவில்லை. அவளுடைய வாத்துக்கறியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். துவான் பனிமூங்கில் என்ற பெயரில் விற்கும் போனுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற மென்பொருள். ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்த சரக்கு. எடுக்கலாம், மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். நிபந்தனை இவ்வளவுதான்: எழுதினவர்கள் பெயரை அழிக்கக் கூடாது; போனை வாங்கினவன் கேட்டால், என்ன மாற்றினாய் என்று நிரலைத் திறந்து காட்ட வேண்டும். சும்மா கிடைத்ததை வாரிக்கொள்ளும்போது துவான் அந்த நிபந்தனையைப் படிக்கவில்லை. சீனாவின் போன் சந்தையான இந்த ஷென்ஜென்னில் பாதிப் பேர் படித்ததில்லை.

துவானின் போன் ஒன்றை வாங்கிய ஜெர்மனிக்காரர், பிரெமன் நகரத்து விட்காம்ப் என்பவர் படித்திருந்தார். போனைப் பிரித்து மேய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நிரல் கேட்டு அவர் எழுதியபோது, துவான் போன வருஷத்து மாடலின் நிரலை அனுப்பச் சொன்னார். பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டுத் தள்ளிப் பழகிய கை. விட்காம்ப் அதைப் போனில் ஏற்றிப் பார்த்தார். கேமரா தலைகீழாக விழித்தது. நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் சரியான நிரலைத் தராவிட்டால் ஹாம்பர்க் துறைமுகத்தில் கிடக்கும் போன்கள் கடைக்குப் போகாது. அபராதமும் வழக்கும் பொறுப்பாளர் தலையில். ஐரோப்பிய வியாபாரிகளோடு பேசித்தான் லியென் பிழைக்கிறாள். பெயர் அங்கே கோர்ட்டில் ஏறிவிட்டால், இவளுடைய மின்னஞ்சலை ஒருவனும் திறந்து பார்க்கமாட்டான்.

"சரி, நிரலைக் கொடுங்க. அனுப்பிடறேன்."

"அது நம்மகிட்ட எங்க இருக்கு? யாவ் கிட்டல்ல இருக்கு."

லியெனுக்கு அதுவும் தெரிந்ததுதான். போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டும் மென்பொருளும் செய்து கொடுப்பது பாவ்ஆன் பகுதியில் கடை வைத்திருக்கும் யாவ். அதையே இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கும் கொடுப்பார். துவானின் பங்கு பெயரும் பெட்டியும் மட்டுமே.

யாவ், தேநீருக்குப் பேர்போன சாவ்ஜோவ் ஊர்க்காரர். அவர் மேஜையில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கிண்ணம் மூன்றுதான். அதே இலையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றித் தேநீர் வெளுக்கும்வரை வியாபாரம் பேசமாட்டார். லியென் பொறுமையாகக் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"நிரலா? அது நம்ம குடும்பச் சொத்து மாதிரி தங்கச்சி."

"ஊரான் வீட்டுச் சொத்துண்ணே. நீங்க சுண்ணாம்பு அடிச்சீங்க, அவ்வளவுதான்."

"சுண்ணாம்புக்கும் காசு உண்டுல்ல?"

"அடுத்த மாடலுக்கும் போர்டு உங்ககிட்டத்தான்னு முதலாளியை எழுதித் தரச் சொல்றேன்."

"அதை அவர் எப்படியும் தருவார். வேற எவன் இந்த விலைக்குச் செய்வான்?"

"அப்ப சரி. கோர்ட்டு கேட்டா, நிரல் யாவ் கிட்ட இருக்கு, உங்க மத்த ரெண்டு கம்பெனி போன்லயும் இதேதான்னு சொல்லிடறேன். என் பேரோட உங்க பேரும் ஜெர்மன்ல அழகா வரும்."

யாவ் கெண்டியைக் கீழே வைத்தார். புது இலை போட்டு அடுத்த சுற்றைத் தொடங்கவே இல்லை.

"கொடுத்துடலாம். ஆனா துவான்தான் கொடுக்காதேன்னாரு. ஏன்னு நீயே பாரு."

திரையைத் திருப்பிக் காட்டினார். பாட்டரி அளவைக் காட்டும் பகுதி. சார்ஜிலிருந்து போனை எடுத்த முதல் ஒரு மணி நேரம் என்ன ஆனாலும் நூறு சதவீதம் என்றே காட்டு என்று எழுதியிருந்தது. ரெண்டு நாள் தாங்கும் பாட்டரி என்று துவான் விளம்பரம் செய்த ரகசியம் இவ்வளவுதான். மேலே, எழுதினவர்கள் பெயர் வரும் இடத்தில், யாவின் இஞ்சினியர் முறைப்படி பதிந்திருந்தான்: யோசனை, துவான்.

லியென் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. நிரலை வாங்கிக்கொண்டு வந்து துவானிடம் காட்டினாள்.

"அந்த வரிகளை மட்டும் எடுத்துட்டு அனுப்பு."

"எடுத்தா போன்ல இருக்கறது வேற, அனுப்பினது வேறன்னு ஆயிடும். அந்த மனுஷன் திரும்ப ஏத்திப் பார்ப்பான். திரும்ப என் பேருல நோட்டீஸ்."

"என் பேரையாவது எடும்மா."

"அது எழுதினவன் போட்டது. அழிக்கக் கூடாதுன்னு நிபந்தனையிலயே இருக்கு, எடுக்கறது தப்பு முதலாளி."

"தப்பா? போன் விக்கற ஊர்ல வந்து தப்பு சரி பேசறியா?"

"சரி, பொறுப்பாளர் இடத்துல உங்க பேரைப் போட்டுடறேன். அப்புறம் எந்த வரி வேணுமோ எடுத்துக்குங்க."

துவான் சன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஹாம்பர்க்கில் கிடக்கும் சரக்கை நினைத்திருப்பார். கடைசியில் வாய் திறக்காமல் எழுந்து போனார். ஷென்ஜென்னில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். லியென் ஒரு வரி விடாமல், எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி கம்பெனி வெப்சைட்டில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை விட்காம்ப் வழக்கை வாபஸ் வாங்கினார். நிரல் சரியாக இருப்பதாகவும், இவ்வளவு நேர்மையான பொய்யை இதுவரை பார்த்ததில்லை என்றும் லியெனுக்கு எழுதியிருந்தார். சரக்கு நகர்ந்தது. அவள் பெயர் கோர்ட்டுப் பட்டியலிலிருந்து கழன்றது.

திங்கள்கிழமை யாவ் கொதித்துப்போய்ப் போன் செய்தார். அந்தப் பாட்டரி வித்தையை அவர் கம்பெனி கம்பெனியாகத் தனித்தனியே விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது தெருவில் உள்ள எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொண்டார்களாம்.

"வயித்துல அடிச்சிட்டியே தங்கச்சி. அஞ்சாறு கம்பெனிக்காரன் அதைத் தன் போன்ல இறக்கிட்டான். பேரைக்கூட மாத்தல."

"எந்தப் பேரை?"

"யோசனை, துவான். அப்படியே இருக்கு. எழுதினவன் பேரை அழிச்சா வழக்கு வரும்னு பயந்துட்டானுங்க. உன் கதை ஊரெல்லாம் பரவிடுச்சில்ல."

லியென் இதை முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஊரிலுள்ள போட்டிக்காரன் போனுக்குள் எல்லாம் தன் பெயர்.

எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.