ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு மென்பொருள்

எல்லெபி ஊர்ச் சங்கத்தின் பழைய கணினி ஜனவரியில் உயிரை விட்டது. ஊர்க்கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக மாதாமாதம் ஊர்ப் பத்திரிகையைப் பெற்றுப் போட்ட கணினி அது. உள்ளே இருந்த பக்க வடிவமைப்பு மென்பொருளும் கூடவே போயிற்று. புதுக் கணினியில் அது ஏறாது. அதைச் செய்த கம்பெனி இப்போதெல்லாம் எதையும் விற்பதில்லை, மாத வாடகைக்குத்தான் விடுகிறது. அந்த வாடகையைக் கட்டினால் சங்கத்துக்கு ஜூனில் ஊரே கூடி மூட்டும் நடுக்கோடை நெருப்புக்கு விறகு வாங்கக்கூட மிஞ்சாது.

மலிவாக வேறொன்றைத் தேடும் வேலை தோர்கில் தலையில் விழுந்தது. எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டத் தெரிந்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், மனைவியை இழந்தவர். மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை சாயங்காலம் அவர் பக்கம் கட்ட, பக்கத்தில் உட்கார்ந்து குட்ரூன் பிழை திருத்துவார். குட்ரூன் தபால் ஆபீஸில் இருந்த அம்மாள், அவரும் தனி ஆள்தான். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் ஒழுகும் ப்ரூன்ஸ்விகர் கேக்கோடு வருவார். கேக்கும் ஊர் வம்பும் சேர்ந்து ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் இழுக்கும். மாதத்தின் மிச்ச நாட்களை அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் தோர்கில் ஓட்டினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் இதையெல்லாம் சொல்லிக்கொள்கிற ஜாதி இல்லை.

வாடகைச் சமாச்சாரத்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் இரண்டு இருந்தன. ஒன்று, ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவது. சங்கத்துக்குக் கட்டுப்படியாகும் விலைதான். தோர்கில் அதில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் நாலு பக்கம் கட்டிவிட்டார். அவ்வளவு சுலபம். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

அங்கேதான் அவருக்கு இடித்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் தோர்கில் எதற்கு? புதன்கிழமைதான் எதற்கு?

இன்னொன்று இலவசம். ஆனால் சரியான முரடு. ஒரு தலைப்பைப் போட ஏழு இடத்தில் சொடுக்க வேண்டும். இங்கே ஒரு வரியை இழுத்தால் அங்கே படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் படித்தார். வேறு எவரும் இதைத் தொடக்கூட மாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் மனசு லேசாயிற்று. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

பிப்ரவரியில் சங்கம் கூடியது. தலைவர் ஐனார் பன்றிப் பண்ணைக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"சொல்லுங்க தோர்கில், எதைப் போடலாம்? சுருக்கா சொல்லுங்க. பண்ணையில ரெண்டு பன்னி இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போடுற மாதிரி நிக்குது."

"இலவசமா ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கஷ்டம். நான் கத்துக்கிட்டேன்."

"இலவசம்னா? அப்புறமா பில் அனுப்புவானா?"

"அனுப்ப மாட்டான். எப்பவும் இலவசம்தான்."

"அப்புறம் என்னத்துக்குக் கூட்டம் போட்டு காப்பியை வீணாக்குறோம்?" என்றார் ஐனார். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க எவருக்கும் எண்ணமில்லை.

குட்ரூன் மட்டும் கேட்டார். "ஒரே தடவை காசு குடுத்து வாங்குறது ஒண்ணு இருக்குல்ல? கொஞ்ச நாள் சும்மா போட்டுப் பாக்கலாம்னு இருந்துச்சு, நானும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. அது வந்தா நானும் பக்கம் கட்டுவேன். பாதி நீங்க, பாதி நான்."

பாதி என்ற சொல்தான் தோர்கில் காதில் விழுந்தது. இன்றைக்குப் பாதி, நாளைக்கு முழுசு.

"பாக்க நல்லாத்தான் இருக்கும்," என்றார். "அச்சகத்துக்குப் போனா கலர் கெட்டுடும். நம்ம நாட்டுக் கொடிப் படம் போட்டா அதோட சிவப்பு செங்கல் நிறத்துல வந்து நிக்கும்."

சுத்தப் பொய். போன வாரம்தான் அச்சகத்தில் கொடுத்துச் சோதித்திருந்தார். கலருக்கு ஒரு குறையும் இல்லை.

குட்ரூன் காப்பியைக் குடித்தார். ஐனார் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் எழுந்தன, குட்ரூனின் கை கடைசியாக. அடுத்து கூடத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

மார்ச் மாதப் புதன்கிழமை தோர்கில் பின்னறையைச் சூடாக்கி, இரண்டு பேருக்குக் காப்பி போட்டு உட்கார்ந்தார். குட்ரூன் வரவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன, கீழே ஒரு வரி: 'எனக்கு அங்கே என்ன வேலை?' ஏப்ரலிலும் மின்னஞ்சல்தான். பத்திரிகை என்னவோ இதுவரை இல்லாத அழகோடு வந்தது. ஊரே மெச்சியது. தோர்கிலுக்கு அது துளியும் இனிக்கவில்லை.

மே மாதப் புதன்கிழமை கடையில், உருளைக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் குட்ரூன் அகப்பட்டார்.

"இன்னைக்கு வாங்களேன்," என்றார் தோர்கில். "சும்மா காப்பிக்காவது."

"ஓடென்ஸ டவுன்ல ஒரு பாட்டுக் குழுவுல சேந்துட்டேன். புதன்கிழமைதான் எங்களுக்குப் பாட்டு."

தோர்கில் தரையைப் பார்த்தார். இனி மென்று முழுங்கி என்ன பிரயோஜனம்?

"குட்ரூன், அந்த வாங்குற மென்பொருள்ல கலர் கெடாது. நான் சொன்னது பொய்."

"தெரியும்," என்றார் குட்ரூன், கிழங்கு பொறுக்கிக்கொண்டே. "நானும் ஒரு பக்கத்தை அச்சகத்துல குடுத்துப் பாத்திருந்தேன். கொடி செக்கச்செவேல்னு வந்துச்சு."

"அப்போ அங்கேயே என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே? கையை வேற தூக்குனீங்க."

குட்ரூன் நிமிர்ந்தார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் இருந்தார்.

"பிழை திருத்தினா ஒரு சாயங்காலத்தோட முடிஞ்சுபோகுது. பக்கமும் கட்டத் தெரிஞ்சா உங்க பக்கத்துல இன்னும் ரெண்டு நாள் ஒக்காரலாம்னுதான் அதைக் கத்துக்கிட்டேன். நீங்க பொய் சொல்லியாவது என்னைத் தள்ளி வைக்கப் பாத்தீங்க. அதுக்கு மேல ஊருக்கு முன்னாடி ஒரு பொம்பளை என்னத்தைக் கேக்குறது?"

தோர்கில் ஒரு காகிதப் பையை விரித்து நீட்டினார். குட்ரூன் கிழங்கை எடைபோட்டு, காசு கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். தோர்கில் ஊர்க்கூடத்துக்கு நடந்தார். ஜூன் இதழை அவர்தான் கட்டியாக வேண்டும், வேறு யாருக்கும் அது தெரியாது.