பேச்சிராஜாவின் மூன்று மாலைகள்

பேச்சிராஜாவின் கைகளைப் பற்றித் தூத்துக்குடியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அதில் பாதிக்கு மேல் நிஜம். துறைமுகத் தொழிலாளர்கள் நடத்திய குத்துச்சண்டைப் போட்டியானாலும் மாவட்டப் போட்டியானாலும் அவரோடு மூன்றாவது ரவுண்டு வரைக்கும் நின்ற ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் மாநிலப் போட்டி மேடையில் ஒரு தடவைகூட ஏறவில்லை. இப்போது ஹார்பர் ரோட்டில் மளிகைக் கடை வைத்து, லாரிக்காரர்களுக்குச் சோப்பும் கடலை மிட்டாயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் ஏறவில்லை என்பதற்கு ஊரிடம் ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலின் பெயர் முத்துமாரி. அவருடைய மனைவி.

கல்யாணமாகி நாலைந்து வருடம் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் புருஷன் தசராவுக்கு மாலை போட்டுக் காளி வேஷம் கட்டுவார் என்று குலசை முத்தாரம்மனிடம் நேர்ந்துகொண்டாள் முத்துமாரி. ரம்யா பிறந்தாள். புரட்டாசியில் அவர் மாலை போட்டார். மாலை போட்டவர் காலில் செருப்புப் போடக் கூடாது, தோல் சாமான் தொடக் கூடாது, ஒருவர் மேல் கை ஓங்கக் கூடாது. மாநிலப் போட்டிக்கு ஆள் எடுப்பதும் அந்த மாதத்தில்தான். அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடமும் மாலை போட்டார், அதற்கடுத்த வருடமும் போட்டார். கழுத்தில் மாலையோடு நிற்பவரைச் சாமி என்று கும்பிடலாம், சண்டைக்கு வா என்று கூப்பிட முடியுமா? ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு வயதும் கடந்துவிட்டது.

பொம்பளை நேர்ந்த நேர்த்தியில் ஒரு ஒலிம்பிக் மெடல் போச்சு என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கடைக்கு வருகிறவன் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டும்போதே அதையும் சொல்லிவிட்டுப் போவான். இருபது வருடத்துக்கு மேலாக முத்துமாரி கல்லாவில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். அவள் நேர்ந்தது ஒரே ஒரு மாலைதான். மற்ற இரண்டும் அவராகப் போட்டுக்கொண்டவை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் புருஷன் பெயர் கெட்டுப்போகும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மற்றபடி அவள் வாய்க்கு லாரிக்காரர்களே பயப்படுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை கிளப்பில் புது ரிங் திறந்தார்கள். பேச்சிராஜாவுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு. அந்த மூன்று வருடமும் அதே எடைப் பிரிவில் மாநிலத் தங்கம் வாங்கி, ரயில்வேயில் வேலைக்குப் போன பெர்சியும் மேடையில் இருந்தார். முத்துமாரி முதல் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். ரம்யா இப்போது நாசரேத்தில் டீச்சர்.

கிளப் தலைவர் காசிலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"பேச்சிராஜா மாதிரி ஒரு கை இந்த மாவட்டத்துல பொறந்ததில்ல. ஆனா என்ன செய்ய? பிள்ளைக்காக நேந்த நேர்த்தி அந்தக் கையக் கட்டிப்போட்டுட்டு. அது மட்டும் இல்லன்னா இன்னைக்கு இவர் இருக்கற இடமே வேற."

கூட்டம் உச்சுக்கொட்டியது. முத்துமாரிக்கு இது பழகின பாட்டு. ஆனால் பக்கத்தில் ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள், தான் பிறந்ததே குற்றம் என்பது போல. அதைப் பார்த்ததும் முத்துமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைச் சொன்னால் போகட்டும், என் பிள்ளையைச் சொல்ல இவர்கள் யார்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மேடை ஏறினாள்.

"அந்த மைக்கக் குடுங்க அண்ணாச்சி."

காசிலிங்கம் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருக்க முடியாத முகம் அது.

"நேந்தது நான்தான். ஒரு வருசத்துக்குத்தான் நேந்தேன். அம்மன் கேட்டது ஒரு மாலை, இவிய போட்டது மூணு. மத்த ரெண்டையும் ஏன் போட்டாவன்னு இவியகிட்டயே கேளுங்க. எம் பிள்ளைய இழுக்காதிய."

எல்லாரும் பேச்சிராஜாவைப் பார்த்தார்கள். முத்துமாரியும் பார்த்தாள். சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வருத்தம் இல்லை.

அவர் எழுந்து வந்து அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அவ சொல்லுதது நெசம். எனக்குப் பெர்சியோட எடது கைன்னா பயம். அது மெட்ராஸ்ல ஒருத்தன் தாடையப் பேத்துட்டுன்னு சொன்னாங்க. அன்னையிலருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. தோத்துட்டா ஊருக்குள்ள எப்படி முழிக்க? மாலை கெடந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்லா. பழி பூராவும் இவ சொமந்தா, நான் பெரிய மனுசனா இருந்துட்டேன்."

பெர்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு.

"ஏலே பேச்சி! நீ மாலை போட்டுட்டியான்னு வருசா வருசம் ஆள் விட்டு விசாரிச்சதே நான்தாம்ல. ஒன் வலது கை எனக்கு வேண்டாம்டே! நீ போடணும்னு பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்திருக்கேன். மதினி, ஒரு வகையில ஒங்களாலதான் எனக்கு ரயில்வே வேலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "இப்ப ஏறிப் பாத்துருங்க அண்ணாச்சி" என்று கத்தினார். அவ்வளவுதான். காசிலிங்கம் தடுப்பதற்குள் இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி, தொப்பையும் கையுறையுமாக ரிங்குக்குள் நின்றார்கள்.

பேச்சிராஜாவின் கால்கள் நடுங்குவதை முத்துமாரி கீழேயிருந்து பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தும் இதைப் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் இறங்கி வரச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மணி அடித்தது. ஒருவரை ஒருவர் இரண்டு தடவை சுற்றி வந்தார்கள். பெர்சியின் இடது கை வந்து தாடையில் இறங்கியது. பேச்சிராஜா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். ரம்யா அலறிவிட்டாள்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டு பெர்சியை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானாலே?"

பெர்சி குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அப்பவும் இம்புட்டுத்தாம்ல."

பேச்சிராஜாவின் கண் நிறைந்து வழிந்தது. முத்துமாரி ரிங்கின் கயிற்றைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் குரல் கிளப்புக்கு வெளியே ரோடு வரைக்கும் கேட்டது.

"உக்காந்து அழுதது போதும், எந்திரிங்க! ரவுண்டு இன்னும் முடியல."