செத்தவீட்டுக்குப் போன ஸ்கூட்டர்

மஞ்சள் தண்ணீரை முதலில் ஸ்கூட்டரின் முன்சில்லில் ஊற்றினாள் என் மனைவி சந்திரவதனா. பிறகு பின்சில்லுகளில். வாளியில் மிஞ்சியதை இருக்கையில் கவிழ்த்தாள். தை மாதக் குளிரில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்தில், கால் வழங்காதவன் ஏறித் திரியும் ஒரு ஸ்கூட்டருக்கு முழுக்கு நடந்தது. நான் கதவு நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். எனக்கான முழுக்கு முன்னரே முடிந்திருந்தது. தலை இன்னும் காயவில்லை.

"இஞ்சரும், நாளைக்கும் செத்தவீட்டுக்குத்தானே போகப்போறன். போயிட்டு வந்து ஒரேயடியாக் கழுவினால் காணாதோ?" என்றேன்.

"நாளைய துடக்கு நாளைக்கு. செத்தவீட்டு முற்றம் மிதிச்ச சில்லு சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ள வராது. கொட்டிலுக்குள்ள நிக்கட்டும்."

அவளை எதிர்த்து நான் எந்த வாயால் பேசுவது? சாவுத் துடக்கு, அந்தத் தீட்டு, எத்தனை நாள், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் முப்பது வருடமாகச் சொல்லித் திரிந்தவன் நான்தான். "குலசேகரம் அண்ணை சொன்னால் சரியாயிருக்கும்" என்று கொழும்பிலிருந்தும் போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டம் பட்டரியில் ஓடும் வண்டிக்கும் பொருந்துமா என்று மட்டும் அன்றைக்கு எவரும் கேட்கவில்லை.

பாரிசவாதம் வந்து இடது கால் இழுத்த பிறகு வாங்கிய ஸ்கூட்டர் அது. ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தில் இரட்டைத்தட்டு பஸ் ஓட்டியவன் நான். உறைபனியில் எந்த மூலையில் வழுக்கும், எங்கே பிறேக்கைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்குத்தான் மகன் சுஜீத் வகுப்பு எடுப்பான். "அப்பா, விண்டருக்கு பட்டரி பாதித் தூரந்தான் இழுக்கும். வீட்டுக்குள்ள வைச்சு இரவு முழுக்க சார்ஜில போடோணும். மீற்றர் பச்சை காட்டும், நம்பாதேங்கோ." ஒளிரும் கோடு போட்ட மஞ்சள் மேற்சட்டை வாங்கித் தந்தான். வேகம் கூட்டும் குமிழில் ஒரு பக்கம் முயல், மறுபக்கம் ஆமை. மாரி முடியும்வரை ஆமையைத் தாண்டக்கூடாது என்றான். முணுமுணுத்தாலும் எல்லாவற்றுக்கும் பணிந்துதான் போனேன். நடையில் கோட்டுகள் தொங்கும் இடத்துக்குக் கீழே, கட்டிப்போட்ட மாடு மாதிரி அது ஒவ்வொரு இரவும் சார்ஜில் நிற்கும். அந்த ஒரு இரவு மட்டும் நிற்கவில்லை.

செத்தவன் குகதாசன். என்னோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவன். எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் பெட்டி மூடுவதற்கு முன் உரலில் சுண்ணம் என்ற வாசனைப் பொடி இடிப்பார்கள். உலக்கை விழ விழ அதற்கான பதிகத்தை ஒருவர் பாடவேண்டும். இந்தப் பக்கத்தில் அதைப் பாடுகிறவன் நான். அழுகிற வீட்டில் என் குரல் எழுந்தால் ஒரு ஒழுங்கு வரும். குகதாசன் தேத்தண்ணி குடிக்கும்போது பகிடியாகச் சொல்வான், "நான் முந்தினால் நீ பாடு. நீ முந்தினால் ஆரைப் பிடிக்கிறதெண்டுதான் எனக்கு யோசனை." கால் போனபோதும் நாக்கை விட்டுவைத்தாரே என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். அந்த முழுக்குக்கு முன், பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மகன் அபிஷன் என் கையைப் பிடித்து, "மாமா, நீங்கள்தான் பாடோணும்" என்றான். "உயிர் இருந்தால் வருவன்" என்றேன்.

மறுநாள் காலையில் சுஜீத் கறுப்புக் கோட்டுடன் வந்து நின்றான்.

"அப்பா, நீங்கள் வரவேண்டாம். வெளியில முழுக்க ஐஸ். போன விண்டர் விழுந்து கிடந்ததை மறந்திட்டியளோ? லைவ் போடினம், ரிவியில பாருங்கோ."

"என்னைக் காரில ஏத்திக்கொண்டு போவன்."

"கார் நிறைய ஆக்கள். அங்க எனக்கு ஆயிரம் வேலை, உங்களையும் பிடிச்சு ஏத்தி இறக்க ஏலாது."

"அப்ப ஆர் பாடுறது?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

சந்திரவதனா சேலைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, "பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள். கார் போனது. ரிவியில் வெறும் மண்டபமும் அடுக்கிய கதிரைகளும் தெரிந்தன. குகதாசனை ரிவியில் வழியனுப்ப எனக்கு அவன் என்ன நாடக நடிகனா?

வேட்டிக்குள் கம்பளிக் காற்சட்டை, மேலே கோட்டு, அதற்கும் மேலே அந்த மஞ்சள் சட்டை. ஊன்றுகோலோடு கொட்டிலுக்குப் போய்ச் சேரவே மூச்சு வாங்கியது. இருக்கையில் முந்தினநாள் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் பாளமாக உறைந்து கிடந்தது. கோலால் தட்டி உடைத்துவிட்டு ஏறினேன். மீற்றர் முழுப் பச்சை. பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். வேறு என்ன செய்ய?

ஆமையில்தான் ஓட்டினேன். உப்புத் தூவிய கடைவாசல் பக்கமாகவே போனேன். சில்லு ஒருமுறைகூட வழுக்கவில்லை. அந்தப் பெருமை ஸ்டேஷன் பாலத்து ஏற்றம் வரைக்கும்தான். பாதி ஏற்றத்தில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, இரண்டு தரம் கீச்சிட்டுவிட்டு அது நின்றுபோனது. வாய்க்கு வந்த தூஷணத்தையெல்லாம் கொட்டினேன். வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் சட்டென்று நின்றாள்.

"அங்கிள், தமிழா?"

வெட்கமாகிவிட்டது. பேச்சில் தமிழ்நாட்டுப் பெண் என்று தெரிந்தது. சில்லை விடுவிக்கும் நெம்புகோலைக் காட்டினேன். மூச்சிரைக்க என்னோடு சேர்த்து ஸ்கூட்டரைத் தள்ளிப்போய் பஸ் தரிப்பின் கூரைக்குக் கீழே விட்டாள்.

"வீட்ல யாருக்காவது போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை. என்ரை போனில இந்தச் செத்தவீட்டு லைவ் லிங்கை மட்டும் திறந்துவிடும். விரல் விறைச்சுப்போச்சு."

போனை என் மடியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் ரயிலுக்கு ஓடினாள். பஸ் ஒன்று வந்தது. ஓட்டுநர் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த அளவு வண்டியை ஏற்ற முடியாது என்று தலையாட்டினார். சட்டம் சரிதான். கதவு மூடியது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு நான் மட்டும் ஏறலாம்தான். மண்டபத்து நிறுத்தத்தில் இறங்கி அந்தப் பனியில் ஒற்றைக் காலில் எங்கே போவது?

போனில் குகதாசன் படுத்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. பட்டரி ஒழுங்காக இருந்தால் இங்கிருந்து பத்து நிமிடத் தூரம். குருக்கள் சைகை காட்ட, அபிஷன் உலக்கையைத் தூக்கினான். லண்டனில் பிறந்த பிள்ளை, எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்தான். யார் பாடப்போகிறார்கள் என்று நான் திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். நல்லவன் எவனாவது வரட்டும் என்றும் நினைத்தேன், எவனும் வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

சுஜீத் முன்னால் வந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை உரலுக்குப் பக்கத்தில் வைத்தான். தன் போனைத் தட்டினான். என் குரல் எழும்பியது.

எப்போதோ வேறொருவர் செத்தவீட்டில், கால் நன்றாக இருந்த காலத்தில் நான் பாடியது. அந்த லைவிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறான். பாத்தாச்சு என்று அவன் சொன்னது இதைத்தான். வெளியில் ஐஸ் இல்லாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. பெற்ற பிள்ளை மேல் அப்படியொரு வெறுப்பு எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. மூன்றாவது அடியில் அன்றைக்கு நான் இருமிய இருமல்கூட அப்படியே இருந்தது. ஒருவரும் தலை நிமிர்த்தி என்னைத் தேடவில்லை. சந்திரவதனா கைகூப்பி நின்றாள்.

உலக்கை பிந்தியது. நான் அங்கே நின்றிருந்தால் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்து இழுத்துப் பாடியிருப்பேன். அந்தக் குரல் யாருடைய கையையும் பார்க்கவில்லை. அபிஷன் அதை எட்டிப்பிடிக்க அவசரமாக இடித்தான், பிறகு களைத்து நின்று சுஜீத்தைப் பார்த்தான். சுஜீத் தலையாட்டினான். இங்கே நான் வாயைத் திறந்து அடியைப் பிடிக்கப் பார்த்தேன். குளிர் காற்று தொண்டைக்குள் போய் முட்டியது. சத்தம் வரவில்லை.

உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பூப் போட்டு நகர்ந்தார்கள். சுஜீத் குனிந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டான். இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்பீக்கரை நிறுத்த ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் பாடிக்கொண்டே இருந்தேன்.