சிவப்பு மெழுகு

...அடுப்புப் பக்கம் மட்டும் வைக்கவே கூடாது, எத்தனை தடவை சொன்னாலும் மனைவி மார்லீஸுக்கு ஏறாது, மலையிலிருந்து இறங்கி வந்ததும் பூட்ஸைக் கழற்றி அடுப்பின் காலடியில் தள்ளிவிட்டு சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவாள், சூட்டில் பசை இளகும், அடிப்பாகம் வாயைப் பிளக்கும், அப்புறம் அழுதாலும் ஒட்டாது என்று லோத்தார் கத்துவான், அவள் ரொட்டி உருண்டையை மென்றுகொண்டே, "உனக்கு என்னைவிட என் பூட்ஸுதான் முக்கியம், இல்ல?" என்பாள், "பூட்ஸு எதிர்த்துப் பேசாதுல்ல" என்பான் இவன்... இப்போது எதிர்த்துப் பேச ஆள் இல்லை, பூட்ஸ் மட்டும் நிலவறையில், பெஞ்சின் மேல், இவன் முன்னால் இருக்கிறது. கயிற்றை முழுக்கத் தளர்த்தி, பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்து, உள்ளே இருந்த மெத்தென்ற உறையை உருவி எடுத்தான், அதைத் தனியாகத்தான் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கி நாறிப்போகும்... வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே உறைக்குள் கையை விட்டான். கட்டைவிரலுக்கு ஒரு குழி, பக்கத்தில் புடைத்த எலும்புக்கு ஒரு குழி, வருஷக்கணக்கில் மார்லீஸின் கால் தோண்டியது. மகள் யூடித் இதைப் போட ஆரம்பித்ததும் குழி அவள் காலுக்கு மாறிவிடும், மார்லீஸ் இதிலிருந்தும் போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தான், மாறவில்லை. ஏன் மாறவில்லை? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கால், அவ்வளவுதான்.

பழைய செய்தித்தாளைக் கசக்கி பூட்ஸின் நுனிவரை திணித்தான், வடிவம் கெடாமல் இருக்கும்... யூடித்தைத்தான் எப்படித் திணித்து நிமிர்த்துவது என்று தெரியாமல் இந்தக் குளிர்காலத்தின் முதல் பாதி போனது. அக்டோபரில் அம்மாவைப் புதைத்தது, அதற்கப்புறம் பள்ளிக்கூடம், அறை, பள்ளிக்கூடம், அறை. ஸ்னோபோர்டு, ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குவது, சொல்லிக்கொடுத்ததே அம்மாதான், சனிக்கிழமை என்றால் மலைமேல் ஏற்றிவிடும் முதல் லிஃப்டில் ரெண்டு பேரும் இருப்பார்கள், அந்தப் பலகை மூலையில் சாய்ந்து கிடந்தது. இன்ஸ்ப்ருக் ஆஸ்பத்திரியில் மார்லீஸ் கேட்டது ஒன்றே ஒன்று, "அவளத் தனியா விட்டுடாத லோத்தார்"... விடவில்லையே, கதவுக்கு வெளியே எத்தனை நாள் நின்றிருக்கிறான், தட்டத்தான் கை வரவில்லை. ஜனவரியில் ஒரு காலை அவளே வந்து, "அப்பா, நான் மேல போறேன். அம்மா பூட்ஸைப் போட்டுக்கட்டுமா?" என்றாள். கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், எதையாவது சொல்லியிருக்கலாம், இவன் வாயில் வந்தது, "ரோட்டுல நடக்காத, அடி தேஞ்சிடும்." மடையன்! ஆனாலும் அன்றைக்குப் பால்பண்ணையில் யாரைப் பார்த்தாலும் சொன்னான், எங்க யூடித் மறுபடி மலைக்குப் போயிட்டா, இனிமே பயமில்லை... சாயந்தரம் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தவளிடம் "பனி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். "நல்லா இருந்துச்சுப்பா. மாவு மாதிரி." அன்றைக்குத்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில்.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்த கை பூட்ஸின் குதிகாலில் நின்றது. தேய்ந்திருக்கிறது. பனியில் தேயாது, தாரில்தான் இப்படித் தேயும், பள்ளத்தில் பொடி ஜல்லி வேறு அடைத்திருக்கிறது, ஒன்றே ஒன்றுதானே சொன்னேன், அதைக் கூடக் கேட்கமாட்டாளா... கோபமாகக் கத்தி முனையால் ஜல்லியை நெம்பினான். அப்போதுதான் முன்பக்கம், கால்விரல் நுனிக்கு மேலே, சிவப்பாக மூன்று நான்கு சொட்டு. மெழுகு. பலகை வழுக்கி ஓட அடியில் போடுகிற மெழுகு சிந்திவிட்டது போல, பெண் தானாகத் தேய்க்கக் கற்றுக்கொண்டாள் என்று முதலில் சந்தோஷம்கூட வந்தது, அப்புறம், சிவப்பா? இந்தக் குளிருக்கா? கடுங்குளிருக்கு நீலம் என்று மார்லீஸ் அவளுக்குப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறாளே, சிவப்பைப் போட்டால் இந்தப் பனியில் பலகை ஒட்டி இழுக்குமே, எப்படி மறப்பாள்? எழுந்து போய் மூலையிலிருந்த பலகையைத் திருப்பினான். ஜனவரியில் இவன் போட்ட நீல மெழுகு. பிரஷ் இழுத்த கோடுகூட அழியவில்லை. ஒரே ஒரு நாள் ஓடியிருந்தாலும் விளிம்போரம் வெளுத்திருக்கும்... போன வாரம் லிஃப்டுக்கார ஹூபர்ட் பியர்க் கடையில் கிண்டல் பண்ணினான், "என்னடா லோத்தார், உன் பொண்ண லிஃப்டுப் பக்கமே காணோம், மாப்ள எவனாச்சும் சிக்கிட்டானா?" என்று. "உன் கண்ணு ரெண்டும் பியர்ல மிதக்குது, எங்க தெரியும்!" என்று இவன் திருப்பிக் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள், இவன்தான் அதிகம் சிரித்தான்.

சொட்டை நகத்தால் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனான். பலகை மெழுகின் வாசம் இல்லை. மாதா கோயில் வாசம். திரி கருகிய வாசம். கல்லறையில் ஏற்றும் சிவப்பு மெழுகு விளக்கைப் புதுத் திரி வைக்கச் சாய்க்கும்போது உருகிய மெழுகு இப்படித்தான் கால்மேல் சொட்டும், கல்லறைத் தோட்டத்துப் பாதையில் சறுக்காமலிருக்க இந்த ஜல்லியைத்தான் போடுவார்கள்... அப்படியானால் பலகையைச் சுமந்துகொண்டு, ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக இவன் கண்ணெதிரே கிளம்பி, லிஃப்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராக அங்கே போய், பலகையை மதிலில் சாய்த்துவிட்டு, நாள் முழுக்கவா? இந்தக் குளிரில்? கன்னம் சிவந்தது அதனாலா? இவன் துடைத்துத் துடைத்துப் பத்திரமாக வைத்த மார்லீஸின் பூட்ஸ் சனிக்கிழமைதோறும் மார்லீஸிடமே போய் நின்றிருக்கிறது, இவன்தான் அடக்கத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடப் போகவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரே விளக்கோடு போனபோது காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான், அப்புறம் பனி, அப்புறம் பால்பண்ணையில் ஆள் குறைவு... எனக்காகவா பொய் சொன்னாள், நான் தூங்க வேண்டுமென்றா? ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் அப்பா பூட்ஸை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் சொட்டைத் துடைக்காமல் கொண்டுவந்து வைத்தாள்?

நிமிர்ந்தபோது மேல் தட்டின் கோடியில் அது கண்ணில் பட்டது, அவனுடைய கறுப்பு ஷூ. எதையும் ஈரத்தோடு ஒரு ராத்திரி விடாதவன் அடக்கத்தன்று கழற்றியதைத் தொடவே இல்லை. எடுத்தான். ஓரமெல்லாம் கல்லறை மண் காய்ந்து அப்பியிருந்தது, தோல் விறைத்துப்போய் மடிப்பில் வெடித்திருந்தது. பிரஷை எடுத்தான், வைத்தான்... இந்த மண்ணை எங்கே தட்டுவது, குப்பையிலா? பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நுழைத்துப் பார்த்தான். குதிகால் உள்ளே போகவில்லை.

"அப்பா!" படிக்கட்டின் மேலிருந்து யூடித். "பூட்ஸ் காஞ்சுடுமா? அடுத்த சனிக்கிழமையும் வேணும்."

"காஞ்சுடும்மா."

"இவ்ளோ நேரமா கீழ என்ன பண்ற? சூப்பு ஆறிப்போச்சு."

"என் ஷூவ எடுத்துப் பாத்துட்டிருக்கேன்."

"எந்த ஷூ?"

"கறுப்பு ஷூ."

மேலே போகிற காலடியும் கேட்கவில்லை, இறங்குகிற காலடியும் கேட்கவில்லை, அவள் அங்கேயேதான் நிற்கிறாள், இவன் அவள் கதவுக்கு வெளியே நின்ற மாதிரி. பாதி நுழைந்த காலோடு உட்கார்ந்து கொழுப்பு டப்பாவைத் திறந்தான், விரலால் வழித்துத் தோலில் தடவினான், மண்ணை விட்டுவிட்டுச் சுற்றித் தடவினான்... எந்தத் தோல் எத்தனை நாளில் இளகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், இது சனிக்கிழமைக்குள் இளகுமா என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.