மூன்று தண்ணீரில் கழுவிய பருப்பு

சத்துணவுக்கு வரும் எந்த மூட்டையையும் முகர்ந்து பார்க்காமல் வியாகுலமேரி உள்ளே விடமாட்டாள். அன்னவாசல் பக்கம் சாமான் இறக்கும் லோடுமேன்களுக்கெல்லாம் இது தெரியும். மூட்டையின் தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். சில நாள் உடனே தலையாட்டுவாள். சில நாள் ஐந்து நிமிடம் ஆகும். டீச்சர் பூசை முடியட்டும் என்று அவர்கள் லாரி நிழலில் குந்தி பீடி பற்றவைப்பார்கள். சத்துணவு அமைப்பாளரை அந்தப் பக்கம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவது.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வாடை மூட்டையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோவிலில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே வரும். கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பார் விழுந்ததும் வரும். பயிருக்கு அடிக்கிற மருந்தின் வாடை, பூண்டு அழுகியது போல. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பாள். அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் திருவரங்குளம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தாள். ஒரு ஆடி மாதம் பருப்பு வந்துசேரத் தாமதமானது. கையிருப்பு தீர்ந்து, மறுநாள் சாம்பாருக்கு ஒன்றுமில்லை. ஊர் முக்கில் ஒரு மளிகைக்கடை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. அங்கே ஆறு கிலோ துவரம்பருப்பு வாங்கினாள். கடையில் சாக்கைப் பிரித்தபோதே வாடை வந்தது. கேட்டதற்கு, அது சாக்கு வாடை, கழுவினால் போய்விடும் என்றார் கடைக்காரர். மூன்று தண்ணீரில் கழுவச் சொன்னாள். புளியும் பெருங்காயமும் சேர்ந்து கொதித்தபோது வாடை அமுங்கிவிட்டது. கரண்டி முனையில் தொட்டு ருசி பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள். மொத்தம் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பன் தின்றார்கள். இரண்டாம் வகுப்பு ஹரிணி எழவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல் போயிற்று, உடம்பில் தண்ணீர் வற்றியதை அது தாங்கவில்லை என்றார் டாக்டர். விசாரணைக்கு வந்தவர்கள் பாத்திரங்களைப் பார்த்தார்கள், சமையற்கூடத்து ஓட்டுக்கூரையைப் பார்த்தார்கள், பல்லி விழுந்திருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். ஆறு கிலோவும் அன்றே வெந்துவிட்டதால் சோதிக்கப் பருப்பு இல்லை. எங்கே வாங்கியது என்று கேட்டார்கள், சொன்னாள். வாடை வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஹரிணியின் தாய் செவந்திக்கு, இரக்கப்பட்டு, சமையல் உதவியாளர் வேலை போட்டுக்கொடுத்தார்கள். பிள்ளை நடமாடிய வீட்டில் இருக்க முடியாமல் அவளும் கணவர் ரெங்கசாமியும் அன்னவாசல் பக்கம் அவருடைய அக்கா ஊருக்குக் குடிபோனார்கள்; அவள் வேலையும் அந்த ஊர்ப் பள்ளிக்கு மாறியது. அந்தச் சமயத்திலேயே மேரியும் இந்தப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வந்திருந்தாள். போன வருடம் ஜூன் மாதம் செவந்தி சமையலராகி, இந்தப் பள்ளிக்குப் போட்ட ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு மேரியின் முன்னால் வந்து நின்றாள்.

ஓடிப்போய்விடலாம் போல இருந்தது மேரிக்கு. செவந்தியோ அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைமையாசிரியர் அருள்தாஸிடம், அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் டீச்சர்தான் எம்புள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள், காரை மறித்து ஏற்றினார்கள் என்று சொன்னாள். அது உண்மைதான். அதற்குப் பிறகு ஒரு வருடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செவந்தி இதைச் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் மேரி காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். தோளில் அந்தப் பிள்ளையின் சூடு அப்படியே இருக்கும். வாடை வரும்.

இந்த ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை, துவரம்பருப்பு மூட்டை ஒன்று வந்தது. மேரி அடியிலிருந்து அள்ளி முகர்ந்தாள். இறக்க வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. லாரிக்காரர் கத்தினார். அருள்தாஸ் வந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். போன இரண்டு முறையும் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததையும், ஒன்றிய அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருப்பதையும் நினைவுபடுத்தினார். பிறகு செவந்தியைக் கூப்பிட்டு, நீ பார்த்துச் சொல் என்றார்.

செவந்தி பருப்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள்.

"நல்ல பருப்பாத்தான் இருக்கு டீச்சர்."

மேரி தையலை இறுக்கிக் கட்டி மூட்டையை வண்டி பக்கம் தள்ளினாள். அன்றைக்குக் கொண்டைக்கடலைப் புலவு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அருள்தாஸ் தலையிலடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். லாரி கிளம்பியதும் செவந்தி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, வேலைக்கு ஆபத்து வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கழுவினால் எந்த வாடையும் போய்விடுமே, மூன்று தண்ணீர் கழுவினால் போகாதா என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் மேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போகல, செவந்தி."

"என்ன டீச்சர்?"

"அன்னைக்கும் எனக்கு வாடை வந்துச்சு. ஹரிணி சாப்ட்ட அன்னைக்கு. மருந்து வாடை. தெரிஞ்சுதான் வாங்குனேன். கழுவுனா போயிரும்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. செவந்தி அதை இறக்கிவைத்தாள். கடலையைக் கொட்டினாள், அரிசியை அளந்தாள், உப்பு போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் தட்டில் போட்டு முடித்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேரியைத் தாண்டி, அவள் அங்கே இல்லாதது போல நடந்து போனாள்.

வியாழன், வெள்ளி வரவில்லை. திங்கள், செவ்வாயும் வரவில்லை. உதவியாளரை வைத்துக்கொண்டு மேரியே சமைத்தாள். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திருப்பி அனுப்பிய மூட்டையின் சோதனை முடிவு செவ்வாய்க்கிழமை போனில் வந்தது. பருப்பில் எந்தக் குறையும் இல்லையாம். அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. இனி நிஜமாகவே ஒரு மூட்டை கெட்டு வந்தால் தனக்கு எப்படித் தெரியும்? பத்துப் பிடியில் எந்தப் பிடி வாடை மருந்து, எந்தப் பிடி வாடை ஹரிணி?

புதன்கிழமை செவந்தி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வாசலிலேயே நின்று பேசினாள்.

அன்றைக்குக் காலையில் ஹரிணி வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாளாம். வீட்டில் ஆக்க ஒன்றுமில்லை. தானும் நூறு நாள் வேலைக்குப் போகவேண்டும். பள்ளிக்கூடம் போனாலாவது சோறு கிடைக்கும் என்று, முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாளாம். ரெங்கசாமி அதை இன்றுவரை மறக்கவில்லை. அடிக்கவில்லை, விலக்கி வைக்கவில்லை. வாயைத் திறந்தால் மட்டும் அந்த ஒரு சொல்தான்: நோவுன்னு சொன்ன புள்ளைய அனுப்பி வச்சவ.

"பதினோரு வருசமா நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் செவந்தி. "நீங்க தூக்கிட்டு ஓடுனத ஊரெல்லாம் சொன்னேன். ஒரு நா கூட ஒங்களுக்கு வாய் வரலையா?"

மேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்து அவுககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே."

சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் மேரி போனாள். ரெங்கசாமி வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். செவந்தி கதவோரம் நின்றாள். மேரி உட்காரவில்லை. கடை, ஆறு கிலோ, சாக்கு, மூன்று தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கை ஓடு உடைத்துக்கொண்டே இருந்தது.

"வாடை ரொம்ப வந்துச்சா?" என்று கேட்டார்.

"லேசாத்தாங்க. ஆனா வந்துச்சு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேங்க."

அவர் எழுந்து, மடியிலிருந்த ஓடுகளை உதறிவிட்டு, வயல் பக்கம் போய்விட்டார். செவந்தியும் உள்ளே போய்விட்டாள். மேரி தானாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை, மேரி எழுதிய மனுவோடு மூவரும் புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். ஒரே பஸ், தனித்தனி இருக்கை. மனு கொடுக்க வந்த கூட்டம் நிறைய இருந்தது. மரத்தடி பெஞ்சில் ஒரு ஓரத்தில் மேரி, மறு ஓரத்தில் செவந்தி. ரெங்கசாமி டீ வாங்கப் போனார். இரண்டு டம்ளர் கொண்டுவந்து ஒன்றைச் செவந்தியிடம் நீட்டினார். அவள் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. செவந்தி ஒரு கையை அவர் முதுகில் வைத்தாள். மேரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய கோப்பைத் தேடி எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று. விசாரணை முடியும் வரை மேரியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கடைக்காரர் செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கேட்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மேரி அதே வார்த்தைகளில் சொன்னாள். ஒரு அதிகாரி சலித்துப்போய், யாரும் கேட்காததை இப்போது ஏனம்மா கிளறுகிறீர்கள் என்றார். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

செவந்தி அவளை மன்னிக்கவில்லை. ஆள் விட்டும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் தட்டுச் சத்தம் கேட்டது.

"டீச்சர், புதுசா முட்டை வந்துருக்கு. தண்ணியில போட்டா அஞ்சாறு மெதக்குது. வேக வைக்கவா, எடுத்துப் போடவா?"

"மெதந்தா எடுத்துப் போட்டுரு, செவந்தி" என்றாள் மேரி.

சரி என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.