பால் திரிந்தால் பிள்ளை வரும்

இப்போதெல்லாம் இரத்தம் கொடுத்தால் சாயங்காலமே அச்சடித்த தாள் கைக்கு வந்துவிடுகிறது. யாரும் எதையும் காட்டுவதில்லை. தாளை வாங்கும்போதெல்லாம் அம்சவள்ளிக்கு எண்பத்திரண்டாம் வருஷத்து முற்பகல் ஒன்று நினைவுக்கு வரும். பெரம்பலூரில் நஜீமுதீன் பாயின் ஒற்றை அறை லேப், ஸ்பிரிட் வாடை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடித் துண்டு.

அப்போது செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் அரிகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் விரல்கள் மடங்காது. இரத்தம் பார்த்ததில் ஈ.எஸ்.ஆர். அறுபது. தெருவில் காசநோய் கண்ட ஒருவருக்கும் அது ஏறித்தான் இருந்தது, இவளுக்கும் அதேதான் என்று முடிவுகட்டப் போதாதா? மாமியார் காத்தாயி, அம்சவள்ளியின் இரண்டு வயதுப் பெண் ஆண்டாயியைத் தூக்கிக்கொண்டு ரஞ்சன்குடியில் தன் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். சளியும் எக்ஸ்ரேயும் சுத்தம் என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை.

"ரத்தமே சொல்லுது. டாக்டரு என்னா சொல்றது?"

மூட்டு நோவுதானா என்று பார்க்க டாக்டர் இன்னொரு சோதனை எழுதினார். அதற்காகத்தான் கணவன் சின்னதுரையோடு பாயிடம் வந்திருந்தாள்.

பாய்க்கு எதையும் காட்டி விளக்காமல் இருக்க முடியாது. ஸ்டாண்டில் நின்ற ஒல்லிக் குழாயைத் தொட்டார்.

"ஒரு மணி நேரத்துல சிவப்பு எவ்ளோ கீழ எறங்குதுன்னு பாக்குறதுதாம்மா ஈ.எஸ்.ஆர். ஒடம்புல எங்க வீக்கம் இருந்தாலும் சிவப்பணு தட்டு அடுக்குனாப்ல ஒட்டிக்கும், வெரசா எறங்கும். டி.பி.லயும் ஏறும், மூட்டு நோவுலயும் ஏறும், மாசமா இருந்தாலும் ஏறும். எங்கயோ பொகையுதுன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது."

பிறகு அவளுடைய இரத்தத்தில் தெளிந்த நீரைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, பால் போன்ற மருந்தைக் கலந்தார்.

"ஒடம்பு சில சமயம் தன்னையே எதிரின்னு நெனச்சு சண்ட போடும். அப்ப உண்டாகுற சரக்கு இருந்தா இது திரியும்."

"என்னா பாய், தயிர்க்கடையா வச்சிருக்கீங்க?" என்றான் சின்னதுரை.

"தயிருக்கு ராத்திரி முழுக்க வேணும் மாப்ள. இதுக்கு ரெண்டு நிமிசம்." கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். "ஆனா இது ஒண்ணே சாட்சி இல்ல. நல்லா இருக்கறவங்களுக்கும் திரியும், நோவு இருந்தும் சிலருக்குத் திரியாது. வெரலு, காலைல வர்ற இறுக்கம், எல்லாத்தையும் சேத்துத்தான் டாக்டர் சொல்வாரு."

அம்சவள்ளி செட்டிகுளத்து முருகனை வேண்டிக்கொண்டாள், திரியட்டும் என்று.

வெள்ளையில் முதலில் ஓரத்தில் பொடி கண்டது. பிறகு துளி முழுக்க மணல் மணலாகப் பிரிந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"ஏம்மா சிரிக்கிற? லேசுல விடுற நோவு இல்லம்மா. வருசக்கணக்குல மாத்திர திங்கணும்."

"ஒட்டிக்குமா பாய்?"

"யாருக்கும் ஒட்டாது."

டாக்டரும் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, மூட்டு நோவுதான், ஒட்டாது என்றே சொன்னார். அங்கிருந்து நேரே ரஞ்சன்குடிக்குப் பஸ் ஏறினார்கள்.

சின்னதுரை பெரிய விஞ்ஞானியாகிவிட்டிருந்தான். "யம்மா, என் கண்ணால பாத்தேன். இவ ரத்தம் பட்டதும் பாலு திரிஞ்சிபோச்சு. இது மூட்டு நோவு, டி.பி. இல்ல!"

காத்தாயிக்கு ஈ.எஸ்.ஆர். புரியாவிட்டாலும் பால் திரிவது புரியும். "நெசமாவா?" என்று மருமகளின் வீங்கிய மணிக்கட்டை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தாள். "கொதிக்குதேடி" என்றாள், குரல் இறங்கி.

பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். ஆண்டாயி அம்மாவை மறந்தவள்போல் நின்றாள். குனிந்து தூக்க அம்சவள்ளியின் கைகளில் வலுவில்லை. வாசலிலேயே கால்களை நீட்டி உட்கார்ந்தாள், கூப்பிடவுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளை தானாகவே வந்து மடியில் ஏறிக்கொண்டது.